பேரம் பேசத் தெரிந்த ராணி: வேலு நாச்சியார்

திருவண்ணாமலை என்றதும் மலை, கோயில், பௌர்ணமிக் கூட்டம் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். அங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் மாதத்தில் நல்ல வியாபாரம் நடப்பது அந்த இரண்டு நாட்களில்தான். இதே ஊரில் 1767 செப்டம்பர் மாதக் கடைசியில் பீரங்கிச் சத்தம் கேட்டது. கோயில் மதில்களைக் கோட்டை மதில்களாகப் படைகள் பயன்படுத்திக்கொண்ட காலம் அது. ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம் நின்றார்கள். கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபக்கம் நின்றது. அந்த மாதம் 3ஆம் தேதி செங்கத்தில் மோதிக்கொண்டவர்கள், மூன்று வாரம் கழித்துத் திருவண்ணாமலையில் மறுபடியும் மோதினார்கள். ஹைதர் பல பீரங்கிகளை இழந்து பின்வாங்கினார். தோல்வியைவிடக் கசப்பானது அதற்குப் பிறகு நடந்தது. கூட்டாளியாக வந்த நிஜாம், மறு ஆண்டே கம்பெனியுடன் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு ஹைதரைக் கைவிட்டார்.

ஸ்மித்தும் ஹைதரும் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் வாழ்க்கையில் குறுக்கிட்டார்கள். ஒருவர் அவருடைய நாட்டைப் பறித்த படைக்குத் தலைமை தாங்கினார், மற்றவர் அதை மீட்க உதவினார். அந்தப் பெண் சிவகங்கை ராணி வேலு நாச்சியார்.

குதிரை மேல் வாளோடு இருக்கும் அவரைச் சுவரொட்டிகளில் பார்த்துப் பழகிவிட்டோம். 2008இல் வெளியான தபால் தலையும் அந்த வீர உருவத்துக்கான மரியாதைதான். நாம் இங்கே எழுத நினைப்பது வாளைப் பற்றி அல்ல. கையில் ஒன்றுமே இல்லாதபோது அவர் எப்படிப் பேசினார், எதை நம்பித் துணிந்தார், எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தார் என்பதைப் பற்றித்தான். பெண்களுக்குப் பேச்சுவார்த்தை சரிவராது, அவர்கள் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள் என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதை மனதில் வைத்துக்கொண்டு இவருடைய வாழ்க்கையைப் படித்தால் பல இடங்களில் இடிக்கிறது.

வேலு நாச்சியார் 1730இல் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தை செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதி, தாய் சக்கந்தி முத்தாத்தாள் நாச்சியார். ஒரே பிள்ளை. ஆண் வாரிசு இல்லாத அரண்மனையில் மகனுக்குக் கற்றுக்கொடுப்பதையெல்லாம் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குதிரையேற்றம், சிலம்பம், வாள் வீச்சு என்று பட்டியல் நீளும். மொழிகளிலும் தமிழோடு உருது உட்படப் பல மொழிகள் அவருக்குத் தெரியும் என்பார்கள். இதில் உருதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம். வீட்டில் தக்னி உருதும் கடைத்தெருவில் தமிழும் பேசும் நம் திருவண்ணாமலை, ஆரணி, வந்தவாசிக் குடும்பங்களுக்கு இன்னொரு மொழி எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

வளர்ப்புதான் துணிச்சலைத் தருகிறதா, பிறப்பா என்ற கேள்வி பழையது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் யூரி நீஸி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் ஆகிய மூவரும் இதற்கு விடை தேடினார்கள். தான்சானியாவின் மாசாய் மக்களிடமும், நம் நாட்டில் மேகாலயாவின் காசி மக்களிடமும் ஒரே விளையாட்டை நடத்தினார்கள். பந்தை வாளிக்குள் எறிய வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்கும் இவ்வளவு என்று நிச்சயமான காசை வாங்கிக்கொள்ளலாம். அல்லது முன்பின் தெரியாத ஒருவரோடு போட்டியிட்டு, ஜெயித்தால் மட்டும் மூன்று மடங்கு வாங்கலாம். ஆண்கள் கை ஓங்கிய மாசாய் சமூகத்தில் ஆண்களில் பாதிப் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் மட்டுமே. தாய்வழியில் சொத்து இறங்கும் காசி மக்களிடம் கணக்கு தலைகீழானது. அங்கே போட்டிக்கு இறங்கிய பெண்கள் பாதிக்கும் மேல். ஆண்களில் நாற்பது சதவீதம்கூட இல்லை. மகளுக்கு வீடு என்ற வழக்கத்தில் வளர்ந்த காயல்பட்டினம், கீழக்கரை உம்மாமார்களுக்கு இந்த முடிவில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

1746இல், பதினாறு வயதில், சிவகங்கை இளவரசர் முத்துவடுகநாதரை மணந்தார். கணவர் 1750இல் அரசரானார். வெள்ளச்சி என்று ஒரு மகள். அடுத்த இருபது ஆண்டுகள் அரண்மனை வாழ்க்கை.

1772 எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா கம்பெனியிடம் கடனில் மூழ்கியிருந்தார். கப்பம் வசூலித்துத்தான் கடனைக் கட்டமுடியும். கப்பம் தர மறுத்த சீமைகள் மீது கம்பெனிப் படையோடு கிளம்பினார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் இராமநாதபுரம் விழுந்தது. சிறுவனான சேதுபதியின் சார்பில் ஆட்சி நடத்திவந்த தாய் முத்துத்திருவாயி நாச்சியார் பிள்ளைகளோடு திருச்சிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். அடுத்தது சிவகங்கை. கிழக்கிலிருந்து ஜோசப் ஸ்மித், திருவண்ணாமலையில் ஹைதரை விரட்டிய அதே ஸ்மித். மேற்கிலிருந்து பான்ஜோர். ஜூன் 25ஆம் தேதி காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார்.

ஓர் இடைக்குறிப்பு. பறித்தவர் பக்கம் இருந்த நவாபும் முஸ்லிம், பின்னால் உதவிய ஹைதரும் முஸ்லிம். இதை மதச் சண்டையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாற்றில் இடமே கிடைக்காது. இராமநாதபுரத்துக்காரரான வரலாற்றாய்வாளர் டாக்டர் எஸ்.எம். கமால் எழுதிய சீர்மிகு சிவகங்கைச் சீமை நம் வீட்டு அலமாரிகளில் இருக்கவேண்டிய புத்தகம்.

அப்போது வேலு நாச்சியாருக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் இல்லை, கோட்டை இல்லை, கருவூலம் இல்லை. உடன் இருந்தவர்கள் மகள், பிரதானி தாண்டவராய பிள்ளை, பெரிய மருது, சின்ன மருது, இன்னும் சில விசுவாசிகள். நவாபிடம் பணிந்து எதையாவது பெற்றுக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். இராமநாதபுரத்து ராணியைப் போலச் சிறைக்கும் போயிருக்கலாம். அவர் இரண்டையும் விட்டுத் திண்டுக்கல் பக்கம், விருப்பாட்சி பாளையத்துக்குப் போனார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். தப்பி ஓடியவர் திசை தெரியாமல் ஓடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1755இலேயே ஹைதர் பௌஜ்தாராக இருந்து தம் செல்வாக்கை வளர்த்துக்கொண்ட இடம் திண்டுக்கல். நவாபின் எதிரி யாரோ அவருடைய வாசலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அங்கிருந்து ஹைதருக்கு ஒரு கடிதம் போனது. தேதி 1772 டிசம்பர் 8. கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் இத்தா முடிந்து ஒரு மாதம் சொச்சம். கேட்டது ஐயாயிரம் குதிரை வீரர்கள், ஐயாயிரம் காலாட்படை. எழுதியவர் தாண்டவராய பிள்ளை.

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் நம்மை நிறுத்துகின்றன. முதலாவது, கேட்ட அளவு. அடமானம் வைக்க ஒரு கிராமம்கூடக் கையில் இல்லாதவர் பத்தாயிரம் பேர் கொண்ட படையைக் கேட்கிறார். பெண்கள் கேட்பதே இல்லை, கேட்டாலும் குறைத்துக் கேட்கிறார்கள் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் லிண்டா பாப்காக் 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்த ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. எமிலி அமானதுல்லா, மைக்கேல் மோரிஸ் ஆகிய இருவரும் 2010இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். தனக்காகச் சம்பளம் பேசும்போது பெண்கள் தணிந்து போகிறார்கள். அதே பெண்கள் இன்னொருவருக்காகப் பேசும்போது ஆண்களுக்குச் சமமாகக் கேட்கிறார்கள். வேலு நாச்சியார் கேட்டது தனக்கான மானியத்தை அல்ல. மகளின் உரிமைக்கும் ஒரு சீமைக்கும் சேர்த்துக் கேட்டார்.

இரண்டாவது, கடிதம் பிரதானி கையால் போனது. அரசு வழக்கம் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தானே முன்வந்து கேட்கும் பெண்ணைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹன்னா ரைலி போல்ஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2007இல் கண்டது இது. சம்பளத்தை உயர்த்திக் கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய, குறிப்பாக ஆண்கள், விருப்பம் காட்டவில்லை. அப்படியே கேட்ட ஆணுக்கு அந்த அளவு தண்டனை இல்லை. ஆக, வாய் திறக்காமல் இருப்பது எப்போதும் பயம் அல்ல. பல நேரம் அது கணக்கு. திமிர் பிடித்தவள் என்ற பெயர் வாங்குவதைவிடப் பேசாமல் இருப்பது லாபம் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை நம் குடும்பங்களில் பார்க்காதவர் யார்? மீன் வாங்குவதில் பத்து ரூபாய்க்கு விடாமல் பேசும் நம் தாய்மார்கள், வாப்பா விட்டுச் சென்ற சொத்தில் மார்க்கம் தங்களுக்கு வகுத்துத் தந்த பங்கைப் பற்றி அண்ணன் தம்பிகளிடம் வாய் திறப்பதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாய்வீட்டு வாசல் திறந்திருந்தால் போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். நிக்காஹ் பேச்சில் கைக்கூலி எவ்வளவு, நகை எத்தனை பவுன் என்று கூடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, மஹர் யாருக்குச் சொந்தமோ அந்தப் பெண் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு, பெண்களுக்குப் பேசத் தெரியாது என்று நாமே தீர்ப்பும் சொல்கிறோம். பேசத் தெரியாமல் இல்லை. பேசும் இடத்தில் அவளை நாம் உட்கார வைக்கவில்லை.

வேலு நாச்சியாருக்கு அந்தத் திரை சீக்கிரமே விலகிப்போனது. 1773இல் தாண்டவராய பிள்ளை காலமானார். இனி அவர் சார்பில் எழுத மூத்தவர் யாருமில்லை. திண்டுக்கல்லில் ஹைதரை நேரில் சந்தித்து உருதுவிலேயே பேசினார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தைவிட எதிரில் இருப்பவரின் பேச்சை வைத்து எடைபோட்டவர் அவர். அப்படிப்பட்டவரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிந்தது சின்ன விஷயமல்ல.

ஹைதர் தரப்பிலிருந்து இதைப் பார்ப்போம். திருவண்ணாமலைத் தோல்விக்குப் பின் நிஜாம் போய்விட்டார். 1769இல் சென்னையின் வாசல் வரை வந்து கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பெரிய படையும் பெரிய பெயரும் உள்ள கூட்டாளிகள் இரண்டு பேரும் கைவிட்டார்கள். இப்போது எதிரில் நிற்பவருக்குப் படை இல்லை, பெயர் உண்டு. சிவகங்கை மக்களிடம் உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், நவாபோடு சமரசமாகி மறுபக்கம் தாவ அவருக்கு வழியில்லை. கையில் எதுவும் இல்லாததே அவருடைய நம்பகத்தன்மையாக ஆகியிருக்கும் என்பது நம் ஊகம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வணிகக் கூட்டத்தில் தம் சரக்கை ஒப்படைக்கும்போது, கொண்டு செல்பவரின் நாணயத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். முதல் போடுகிறவர் ஆணோ பெண்ணோ, பார்ப்பது அதைத்தான்.

ஹைதர் ஆதரவு தந்தார். ஆனால் படை உடனே கிளம்பவில்லை. மராட்டியரோடு அவருக்குத் தீராத வழக்கு. வேலு நாச்சியார் காத்திருந்தார். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, எட்டு வருடம். அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்த எட்டு வருடம்தான். சினிமா எடுப்பவர்கள் இதை ஒரு பாட்டில் ஓட்டிவிடுவார்கள். சிவகங்கைக்கு ஹுஸைன் நகர் என்று பெயர் மாற்றி நவாபின் ஆட்கள் வரி வசூலித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் நாட்டார்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மருது சகோதரர்கள் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டு இறங்க எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கும். இறங்கவில்லை.

ரிஸ்க் என்றாலே பாய்வது என்று நாம் வைத்திருக்கிறோம். ஆண், பெண் துணிச்சலை ஒப்பிட்ட 150 ஆய்வுகளை 1999இல் ஜேம்ஸ் பர்ன்ஸும் சக ஆய்வாளர்களும் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் ஆண்கள் சற்று அதிகம் துணிகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எதில் துணிவது என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் ஏறி இறங்குகிறது, சில இடங்களில் மிகச் சிறியது. மேலும், துணிவது எல்லாமே புத்திசாலித்தனம் ஆகிவிடாது. நல்ல வாய்ப்பில் இறங்காமல் இருப்பது எப்படித் தவறோ, கெட்ட வாய்ப்பில் இறங்குவதும் அப்படியே தவறு. வளைகுடாவில் இருக்கும் கணவர் நண்பர் பேச்சைக் கேட்டு ஏதோ ஒரு சீட்டில் பணம் போடச் சொல்லும்போது வேண்டாம் என்று இழுத்துப் பிடித்த மனைவிகள் நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர்? அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லமாட்டோம். நகையை அடகு வைத்து மகளை மருத்துவம் படிக்க வைத்தவர்களும் அதே பெண்கள்தான்.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. நவம்பரில் ஆற்காடு விழுந்தது. தலைநகரே போன நவாபுக்குச் சிவகங்கையைக் காக்க ஆளும் இல்லை, மனமும் இல்லை. வேலு நாச்சியாரின் படை அந்த ஆண்டில்தான் ஊர் திரும்பியது. ஐம்பது வயதில், ஹைதர் தந்த உதவியோடும் மருது சகோதரர்கள் திரட்டிய மக்களோடும் சிவகங்கையை மீட்டார்.

இந்த மீட்சியோடு சேர்த்து நாட்டார் கதைகள் இரண்டு பெண்களைச் சொல்கின்றன. ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட உடையாள். தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்த குயிலி. ராணி வைத்த பந்தயத்தில் அவருக்கு ஜெயித்தால் நாடு கிடைக்கும். இவர்கள் தங்களிடம் இருந்த ஒரே பொருளை வைத்தார்கள். பெண்களின் துணிச்சல் என்று பேசும்போது ராணிகளின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு இவர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

சுவரொட்டிகளில் வராத பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. நாட்டை மீட்ட வேலு நாச்சியார், கணவரைக் கொன்ற நவாபோடு உடன்பாட்டுக்கு வந்தார். சிவகங்கையை அவர் ஆளலாம், நவாபுக்குக் கிஸ்தி கட்டவேண்டும். எந்தக் கப்பத்துக்காகக் கணவர் உயிர் போனதோ அதே கப்பம். இதைத் தோல்வி என்று சொல்வோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு வருடத்துக்கு முன் இழக்க எதுவுமில்லாதபோது பத்தாயிரம் வீரர்களைக் கேட்டவர், இழக்க ஒரு சீமையே இருக்கும்போது பணத்தைக் கொடுத்து அதைக் காப்பாற்றிக்கொண்டார். பெண் என்பதால் துணிந்தார் என்றும் பெண் என்பதால் பயந்தார் என்றும் ஒருவரைப் பற்றியே இரண்டையும் சொல்லமுடியாது. அவருடைய கையில் என்ன இருந்தது என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும்.

1782 டிசம்பரில் ஹைதர் காலமானார். அடுத்த ஆண்டே கர்னல் ஃபுல்லர்ட்டன் படையோடு சிவகங்கைக்கு வந்து பெருந்தொகை கேட்டார். காட்டுக்குள் ஒதுங்கியபடியே பேச்சு நடந்தது. ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, மீதிக்கு உறுதி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது தடவை காளையார்கோவில் நடக்கவில்லை.

எல்லாப் பேச்சிலும் அவர் ஜெயித்தார் என்று எழுதினால் அது பொய். பெரிய மருது தளபதியாகவும் சின்ன மருது பிரதானியாகவும் இருந்து அதிகாரம் மெல்ல அவர்கள் கைக்குப் போனது. காட்டில் எட்டு வருடம் கூடவே இருந்தவர்களோடு 1780களின் இறுதியில் பிணக்கு முற்றியது. மகள் வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசர் ஆனார், மருதுகள் பதவியில் நீடித்தார்கள், ராணி ஒதுங்கினார். வெளியாரோடு பேசி ஜெயித்தவருக்கு வீட்டுக்குள் இருந்த பேச்சுதான் கடினமாக இருந்திருக்கிறது.

1796 டிசம்பர் 25ஆம் தேதி அவர் காலமானார் என்பார்கள். அவருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சி கோபால நாயக்கரைக் கம்பெனி 1801இல் தூக்கிலிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். சிவகங்கை ஜமீனாகியது.